கதைக்கிறா, பேசேல்லை

— பேச வந்தனீங்கள் எண்டா பேசுங்கோ, தங்கச்சி. நான் றெடி.

— பேசத்தான் வந்தேன், சிறி அண்ணா. அதுக்கு ஏன் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கீங்க?

— பேச்சு வாங்கேக்க வேற எப்பிடி இருக்கிறது? நேரில வந்து பேசுறன் எண்டு நீங்கள் போனில சொன்னதில இருந்து மனசைத் திடப்படுத்தி வைச்சிருக்கிறன்.

— ஐயோ, திட்டவா வந்தேன்? எங்க ஊர்ல பேசுறதுன்னா நீங்க சொல்ற கதைக்கிறது அண்ணா.

— அப்ப பேச மாட்டீங்களோ?

— என்ன அண்ணா, முகம் வாடிப்போச்சு? உங்களத் திட்ட என்ன இருக்கு?

— என்ன இல்லை? த பேசின் எண்ட ஊரில இருக்கிற பிள்ளையாரைக் கும்பிட்டிட்டு வரேக்க, கங்காருவுக்கு வழி விடுறன் எண்டு காரைக் கொண்டுபோய் மரத்தில அடிச்சவன் நான். இடுப்புக்குக் கீழ வேலை செய்யேல்லை எண்டா அது என்ர பிழை. என்னைக் குளிப்பாட்ட ஏன் அரசாங்கம் ஆள் அனுப்போணும்?

— எங்க ஆபீஸ் திட்டம் யார் மேல தப்புன்னு பாக்கிறதே இல்ல அண்ணா. ரோட்ல இவ்ளோ பெரிய அடி பட்டா ஆயுசு முழுக்கக் கவனிச்சுக்குவாங்க. வீல்சேருக்குத் தோதா பாத்ரூமக்கூட இடிச்சு மாத்தித் தருவாங்க. நீங்க சரின்னு சொல்லணும், அவ்வளவுதான்.

— பாத்ரூமை இடிக்கட்டும். ஆள் வேண்டாம்.

— உங்களத் தூக்கித் தூக்கி சயந்தினி அக்காவுக்கு முதுகே போச்சு. அவங்கதான் எனக்கு ஃபோன் பண்ணாங்க.

— மெல்லமாக் கதையுங்கோ, குசினிக்குள்ளதான் நிக்கிறா. உங்களுக்கு மட்டும் சொல்லுறன். அடிபட்டதில இருந்து அவ என்னை ஒரு சொல் பேசேல்லை.

— உங்ககூடப் பேசுறதே இல்லையா?

— கதைக்கிறா. பேசேல்லை. முந்தி ஈரத் துவாயைக் கட்டில்ல போட்டாப் பேச்சு. ஸ்பிரிங்வேல் சந்தையில பழைய மீனை வாங்கிப்போட்டன் எண்டா வீடு வரைக்கும் பேச்சு. இப்ப எல்லாத்துக்கும் "பறவாயில்லை", "ஆறுதலாச் சாப்பிடுங்கோ". வந்த விருந்தாளியைக் கவனிக்கிற மாதிரி.

— அது பாசம்தானே அண்ணா?

— தன்ர ஆள் எண்டாத்தானே உரிமையாப் பேசுறது? இப்ப நான் அவவுக்கு ஒரு நோயாளி. என்னைத் தூக்கிற வேலைதான் அவவை இஞ்ச பிடிச்சு வைச்சிருக்கு. அதுக்கும் ஆள் வந்திட்டா என்னை விட்டிட்டு வெளிக்கிட்டிடுவா. பயமாக் கிடக்கு, தங்கச்சி.

— சயந்தினி அக்கா, கொஞ்சம் இங்க வாங்களேன்.

— தேத்தண்ணி ஊத்துறன், ஹரிப்பிரியா. பொறுங்கோ.

— டீ இருக்கட்டும் அக்கா. இவர நீங்க திட்டுறதே இல்லையாமே?

— எப்பிடிப் பேசுறது? ஆசுபத்திரியில உங்கட ஊர் நேர்ஸ் ஒருத்தி கண்டிப்பாச் சொல்லிப்போட்டா. "தலையிலயும் அடிபட்டிருக்கு, இவர்கிட்ட அதிகமா பேசாதீங்க" எண்டு. அண்டைக்குப் பொத்தின வாய். நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

— அக்கா, அவர் ரெஸ்ட் எடுக்கட்டும், ரொம்பக் கதைக்காதீங்கன்னு சொல்லிருக்காங்க. அதுவும் அன்னிக்கு மட்டும்.

— கதைக்க வேண்டாம் எண்டோ சொன்னவ?

— ஆமா.

— அப்ப பேசலாமோ?

— தாராளமா.

— இஞ்சேருங்கோ. குசினிக்குள்ள நிண்டா எனக்குக் காது கேக்காது எண்டோ நினைச்சனீங்கள்? வெளிக்கிட்டிடுவனாம். உங்களுக்குத் தலையில அடிபட முதலே மூளை இவ்வளவுதான். கங்காருவுக்கு விளங்கினதுகூட உங்களுக்கு விளங்காது. குளிப்பாட்ட ஆள் வேணும் எண்டு நான்தான் கேட்டனான். இவ்வளவு நாளும் உங்களுக்கு நேர்ஸா இருந்து களைச்சுப்போனன், இனியாவது பெண்சாதியா இருக்க விடுங்கோ.