மூன்று வருடம் கேட்ட வெயில்

ஐயா, இலை கரும்பச்சையாகத் தளதளவென்று இருந்தால் செடி சுகமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். தரையில் வளரும் ஆர்கிட்டுக்கு அப்படியில்லை. அது திறந்த புல்வெளிச் செடி. வெயில் போதாவிட்டால்தான் அப்படிக் கறுக்கும். தண்டு நீண்டு துவளும், மண்ணுக்கடியில் கிழங்கு கட்டாது. தின்பதற்குத் தோண்டித் தோண்டி எல்லோரும் காட்டுக் கிழங்கைத் தீர்த்துவிட்ட பிறகு, எங்கள் ஊரில் அதைப் பாத்தியில் வளர்த்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமை எனக்கு உண்டு.

பாத்தியின் மேல் பக்கத்து வீட்டு கபாசோவின் மரக்கிளை நீண்டிருந்தது. வெட்டச் சொல்லி மூன்று வருடம் கேட்டேன்.

"வெயில் வேணும்னா சூரியனைக் கட்டிக்கோ, சிறுத்தை. என் புள்ளைங்க வறுத்துத் திங்கிற புழு அந்தக் கிளையிலதான் வருது."

நான் சிறுத்தைக் குலம், அவர் ஆட்டுக் குலம். இந்த இரண்டு குலமும் எவ்வளவு கேலி செய்துகொண்டாலும் கோபிக்கக் கூடாது. சிரித்து வைத்தேன். மூன்றாம் வருடமும் ஒரு கிழங்குகூட இல்லை.

புழுக்காலத்துக்கு முன்பு, கரையான் புற்றின் மேல் ஏறி நின்று கிளையின் மேல்புறத்தைப் பாதிவரை அறுத்தேன். தேன்மெழுகு அடைத்து மண் பூசினேன். அவர் புழு எடுக்க ஏறியபோது மீதிப் பாதியை அவருடைய எடை பார்த்துக்கொண்டது. விழுந்ததில் கழுத்து முறிந்தது.

சாவு வீட்டிலேயே சொன்னேன், "ஆட்டைக் கொன்னது நாந்தான்" என்று. எல்லோரும் சிரித்தார்கள். கேலிக்குரிய குலத்தார் சாவிலும் கேலி பேச வேண்டும் என்பது வழக்கம். அவர் மனைவி சிலேக்வாகூட அழுகைக்கு நடுவே என் தோளில் தட்டினாள்.

"போடி சிறுத்தை. அவர் இருந்தா இதுக்கு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டிருப்பே."

இப்போது பாத்தியில் வெயில் கொட்டுகிறது. ஆனால் களை எடுக்கக் குனிந்தால் முதுகில் ஒரு நிழல் விழுகிறது. நிமிர்ந்தால் இல்லை. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா.

சாவு வீட்டில் சொல்லாத ஒன்றையும் இந்த வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விழுந்த அன்று அவர் கோடாலியோடு ஏறினார்.

"புழு எடுத்துட்டு இதை வெட்டிடறேன் சிறுத்தை. உன் புலம்பல் தாங்கல!"

கூப்பிட்டு இறக்க நேரம் இருந்தது. சொன்னாலும் கேலி என்றுதான் சிரித்திருப்பார் என்று இதுவரை எனக்கு நானே சொல்லிவந்தேன்.

நான் வாயே திறக்கவில்லை. கிளை விழக்கூடிய இடத்தில் இருந்த மூன்று செடிகளை வேர்மண்ணோடு பெயர்த்துத் தள்ளி வைத்தேன்.