ஒரு சாண் இடைவெளி

தங்கை: கீல்ல ஒண்ணும் இல்ல. எண்ணெய் விட்டாச்சு, ஆணி பாத்தாச்சு. தொட்டா போதும், கதவு லேசா வருது. ஆனா ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது நின்னுடுது.

அண்ணன்: நிலை சாஞ்சிருக்கும்.

தங்கை: தூக்குக்குண்டு விட்டுப் பாத்துட்டேன். நேரா இருக்கு.

அண்ணன்: மழையில மரம் ஊதியிருந்தா...

தங்கை: ஊதினா எங்கயாவது இடிக்கணும். இது எதுலயும் இடிக்கல. வெறும் இடத்துல நிக்குது. யாரோ வரணும்னு காத்திருக்கிற மாதிரி.

அண்ணன்: மெதுவா பேசு. உள்ள சபை முழுக்க உக்காந்திருக்கு.

தங்கை: அப்ப நீங்களும் உள்ள போய் உக்காருங்க தலைவரே. கதவு வேலைக்கு வந்தவகிட்ட தலைவர் வாசல்ல நின்னு பேசினா நல்லாவா இருக்கும்?

அண்ணன்: தலைவரேன்னு கூப்பிடாதே.

தங்கை: வேற எப்படிக் கூப்பிடறது? இந்த வாசல்லதான் என் நூலை வெட்டி, இனி இவ மந்திரக்காரி இல்ல, படி தாண்டக் கூடாதுன்னு சொன்னீங்க. அண்ணேன்னு கூப்பிடறதையும் சேத்து வெட்டினீங்களா இல்லையான்னு எனக்குத் தெரியல.

வாசல்காரர்: ஐயா, பெரியவங்க பொறுமை இழந்துட்டாங்க. ஏரியில தண்ணி மேல்கல்லைத் தொட்டுடுச்சாம். பழைய மந்திரக்கட்டு பொழுது சாயற வரைக்கும்தான் கரையைத் தாங்கும்னு சொல்றாங்க.

அண்ணன்: தெரியும்.

வாசல்காரர்: கதவு சாத்தாம புதுக் கட்டு போட முடியாதான்னு ஒருத்தர் கேக்கறார்.

அண்ணன்: முடியாது. கதவு சாத்தினாதான் எல்லாரோட சொல்லும் ஒண்ணா சேரும். திறந்திருந்தா அவங்கவங்க சொல் அவங்கவங்க வாயோட போயிடும். கீழ்த்தெரு ஜனங்க கிளம்பிட்டாங்களா?

வாசல்காரர்: பாதிப் பேர் கிளம்பல. சபை இருக்கும்போது எங்களுக்கு என்னன்னு சமைச்சிட்டு இருக்காங்க. இந்தம்மா வீட்டுக்காரர் கூட குழந்தையோட வீட்டு வாசல்லதான் உக்காந்திருக்கார்.

தங்கை: நான் வந்துதான் கிளம்புவேன்னு சொல்லியிருப்பார். அவர் அப்படித்தான்... சரி. கீலை விட்டுடுவோம். இது மரத்துல கோளாறு இல்ல. இந்தக் கதவு எதைப் பாத்து சாத்தும்னு சொல்லுங்க.

வாசல்காரர்: உங்களுக்குத் தெரியாததாம்மா? போன தடவை கட்டு போட்டப்போ நீங்களும் உள்ள இருந்தீங்களே.

தங்கை: தெரிஞ்சதைத் திருப்பிச் சொன்னாதான் எங்க தப்புன்னு தெரியும். சொல்லுங்க.

வாசல்காரர்: உறுதி எடுக்கிறவங்க எல்லாரும் கதவுக்கு மேல இருக்கிற கம்பியில ஒரு நூல் கட்டுவாங்க. நூல் உள்ளவங்க எல்லாரும் உள்ள இருக்கணும். நூல் இல்லாதவங்க எல்லாரும் வெளிய இருக்கணும். ரெண்டும் சரியா இருந்தா கதவு தானா சாத்திக்கும்.

தங்கை: உள்ள வேலையாளுங்க யாராவது?

வாசல்காரர்: ஒருத்தர் இல்ல. பூனையைக்கூட வெளிய தூக்கிப் போட்டோம்.

தங்கை: பூனை உறுதி எடுத்திருந்தா?

வாசல்காரர்: எடுத்திருந்தா எலி பிடிக்க அனுமதி கேட்டு மனு போட்டிருக்கும்மா. இந்தச் சபையில கேக்காம தும்மக்கூட முடியாது.

தங்கை: கேக்காம செஞ்சா என்ன ஆகும்னு எனக்கே தெரியும். பள்ளிக்கூடச் சுவர் சாஞ்சப்போ அனுமதி கேக்காம கை நீட்டி மந்திரத்தால தாங்கினேன். பிள்ளைங்க எல்லாரும் வெளிய வந்தாங்க. நானும் சபையை விட்டு வெளிய வந்தேன்.

அண்ணன்: அதை இப்ப ஏன்...

தங்கை: செத்தவங்க நூல்?

வாசல்காரர்: உயிர் போன அன்னிக்கே தானா அறுந்து விழுந்துடும்.

தங்கை: படுக்கையில கிடக்கிறவங்க?

வாசல்காரர்: கட்டிலோட தூக்கிட்டு வந்தாச்சு.

தங்கை: அப்ப ஒரு சோதனை. உள்ள இருந்து யாராவது ஒருத்தரை வெளிய வரச் சொல்லுங்க. கதவு என்ன பண்ணுதுன்னு பாப்போம்.

வாசல்காரர்: ஐயா, ஒருத்தரை வரச் சொல்லலாமா?

அண்ணன்: யாரையாவது கூப்பிடு.

வாசல்காரர்: அந்த ஓரத்துல உக்காந்திருக்கிற அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய வாங்க... அட, விலகுதே.

தங்கை: அரைச் சாண் விலகிச்சு. நூல் உள்ளவங்க வெளிய வந்தா விலகுது, சரியா வேலை செய்யுது. அவங்களை உள்ள போகச் சொல்லுங்க... பாத்தீங்களா, பழைய இடத்துக்கு வந்துடுச்சு. பழைய இடம்னா... இருங்க. இது ஒரு சாண் இல்லையே.

வாசல்காரர்: கொஞ்சம் முன்னாடி அளந்தீங்களே.

தங்கை: அப்ப என் கை முழுசா விரிஞ்சு நுழைஞ்சுது. இப்ப அரைச் சாண்தான் இருக்கு. நடுவுல என்ன மாறிச்சு?

அண்ணன்: வாசல்காரரே, நீங்க போய் மணி அடிக்கச் சொல்லுங்க. கீழ்த்தெரு கிளம்பட்டும். நிறுத்தாம அடிக்கணும்.

வாசல்காரர்: இதோ போறேன் ஐயா.

தங்கை: ...அவரை அனுப்பிட்டே.

அண்ணன்: மணி அடிக்க வேண்டாமா?

தங்கை: வேணும். ஆனா நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு. நான் அளந்தப்போ நீ உள்ள நாற்காலியில இருந்தே. அப்புறம் என்கூட பேச வெளிய வந்தே. அப்பத்தான் அரைச் சாண் குறைஞ்சிருக்கு.

அண்ணன்: காத்தா இருக்கும்.

தங்கை: காத்துக்கு ஆள் பாத்து வீசத் தெரியுமா? அவங்க வெளிய வந்தா விலகுது. நீ வெளிய வந்தா நெருங்குது. உள்ள போயிட்டு மறுபடி வா, பாப்போம்.

அண்ணன்: வேண்டாம்.

தங்கை: ஒரே ஒரு தடவை.

அண்ணன்: வேண்டாம்னு சொல்றேன்ல.

தங்கை: ...சரி. மிச்சம் இருக்கிற அரைச் சாணைப் பேசுவோம். அது எனக்குத் தெரியும்.

அண்ணன்: என்ன தெரியும்?

தங்கை: நூல் உள்ள ஒருத்தி வெளிய நிக்கறா. அதான் கதவு காத்திருக்கு. நூல் வெட்டின அன்னிக்கு வீட்டுக்குப் போய் அடுப்பு முன்னாடி அழுதுட்டே உக்காந்தேன். ஈர விறகு. எரியேன்னு வாய்க்குள்ளதான் சொன்னேன். பத்திக்கிச்சு.

அண்ணன்: அப்பவே தெரியுமா உனக்கு?

தங்கை: அப்பவே. நூல் அறுந்தா மந்திரம் பலிக்காது, அதனால என் நூல் அறுபடலன்னு புரிஞ்சுது. யார் காப்பாத்தினாங்கன்னும் புரிஞ்சுது. கத்தரி உன் கையிலதானே இருந்துச்சு.

அண்ணன்: இத்தனை வருஷம் யார்கிட்டயும் சொல்லலையா?

தங்கை: சொன்னா உன்னைப் பிடிப்பாங்க. நூல் விஷயத்துல சபையை ஏமாத்தினா ஆயுசுக்கும் நாக்கைக் கட்டிடுவாங்களே. அதான் கதவு சுமந்தேன், கீல் அடிச்சேன். இந்தக் கட்டைவிரலைப் பாரு. கதவு விழுந்து நசுங்கினது. ஒரு சொல்லுல சரி பண்ணியிருக்கலாம். பண்ணல. வைத்தியர் கோணலா வெச்சுக் கட்டினார், கோணலாவே நின்னுடுச்சு.

அண்ணன்: காட்டு... வலிக்குதா?

தங்கை: குளிர்ல மட்டும். உன் கையில என்ன தழும்பு?

அண்ணன்: தீக்காயம். விளக்கு ஏத்தும்போது.

தங்கை: ஊர்ல சிரிக்கறாங்க தெரியுமா? மந்திரச் சபைக்கே தலைவர், விளக்கைத் தீக்குச்சி வெச்சு ஏத்தறாராம். நீ மந்திரம் போட்டு யாருமே பாத்ததில்லையாம். மத்தவங்க போடலாமா கூடாதான்னு தலையாட்டறதோட சரியாம்.

அண்ணன்: தலைவர் வேலை அதுதான். தலை ஆடினா போதும்.

தங்கை: முன்னாடி நீ அப்படி இல்லையே. எனக்குக் காய்ச்சல் வந்தா தலையணை அடியில பனிக்கட்டி வரவழைப்பே. அம்மா திட்டுவாங்க, மெத்தை ஈரமாகுதுன்னு.

அண்ணன்: ஞாபகம் இருக்கு.

தங்கை: அண்ணே.

அண்ணன்: சொல்லு.

தங்கை: இந்த ஊர்ல கீல் பாக்க என்னை விட்டா ஆளே இல்லையா? என்னை ஏன் கூப்பிட்டே?

அண்ணன்: மணி அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தங்கை: கேக்குது. எனக்கு ஒண்ணுதான் இன்னும் பிடிபடல. அன்னிக்கு நீ கத்தரியை எடுத்தே. சபை மொத்தமும் அண்ணாந்து பாத்துட்டு இருந்துச்சு. நானும் பாத்தேன். ஒரு நூல் அறுந்து கீழ விழுந்துச்சு.

அண்ணன்: ஆமா.

தங்கை: எந்த நூல் யாரோடதுன்னு கட்டினவங்களுக்குத்தான் தெரியும். நம்ம ரெண்டு பேரும் ஒரே நாள் உறுதி எடுத்தோம், பக்கத்துல பக்கத்துல கட்டினோம். அதனால என்னோடது எதுன்னு உனக்குத் தெரியும். அதை நீ வெட்டல. வேற யாரோடதையாவது வெட்டியிருந்தா அவங்க மறுநாளே கூச்சல் போட்டிருப்பாங்க. யாரும் போடல.

அண்ணன்: யாரும் போடல.

தங்கை: அப்ப விழுந்தது யாரோட நூல்?

அண்ணன்: என்னோடது. ஒரு நூல் விழாம அவங்க விடமாட்டாங்க, உன் பக்கத்துல கைக்கு எட்டினது அது ஒண்ணுதான். உன்னைக் கூப்பிடும்போதே கீல் நல்லா இருக்குன்னு எனக்குத் தெரியும். அரைச் சாண் நீ வெளிய நிக்கிறதுக்கு, அரைச் சாண் நான் உள்ள உக்காந்திருக்கிறதுக்கு. கதவு திறந்ததும் அவங்க என்னைத்தான் தேடுவாங்க. நான் இங்கயே இருப்பேன், எங்கயும் போகமாட்டேன். உன் வீட்டுக்காரரையும் குழந்தையையும் மேட்டுக்கு ஏத்த இப்பவே ஆள் அனுப்பறேன். நீ படி தாண்டி உள்ள போய் என் நாற்காலியில உக்காரு. நான் வெளிய நிக்கிறேன். கதவு சாத்திக்கும்.