அலசாத ஒரு பாட்டில்

இந்த அவையை ஏற்று நடத்தும் தலைவர் அவர்களே, தண்ணீருக்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக் கால் தேய்ந்த குடியிருப்போர் சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசைப் பெரியோர்களே, குடம் நிறைந்ததா என்று பார்ப்பதோடு நில்லாமல் குடத்துக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்கத் தொடங்கிவிட்ட தாய்மார்களே, கடைசி வரிசையில் கதவோரம் அமர்ந்திருக்கும் என் அத்தானே, அனைவருக்கும் வணக்கம்!

செயலாளர் என்னைக் ‘கிரீடம் சூடிய அம்மையார்’ என்று அறிமுகப்படுத்தினார். ஐயா, நான் ஆய்வுக்கூடத்தில் வைத்து வேலை செய்யும் பொருளுக்குத்தான் கிரீட ஈதர் என்று பெயர். என் தலையில் இருப்பது வெறும் நரைமுடி! சிரியுங்கள், சிரியுங்கள். இன்னும் சற்று நேரத்தில் சிரிப்பு வராது.

அது என்ன கிரீடம்? கரியும் ஆக்சிஜனும் கைகோத்து நிற்கும் ஒரு வளையம். கண்ணுக்குத் தெரியாத வளையம். தண்ணீரில் கரைந்த உலோகம் மின்னூட்டம் பெற்ற அயனியாகத் திரியும்போது, வளையத்தின் ஆக்சிஜன்கள் அதை நடுவில் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்ளும். சிறிய வளையத்தில் லித்தியம், சற்றுப் பெரியதில் சோடியம், இன்னும் பெரியதில் பொட்டாசியம். விரலும் மோதிரமும் போல அளவு பொருந்த வேண்டும். வளையத்தோடு ஒரு சாயத்தைப் பிணைத்துக் காகிதத்தில் ஏற்றினால், அயனி அமர்ந்ததும் மஞ்சள் காகிதம் சிவக்கும். ஈயத்தைக் காட்டிக்கொடுக்க அப்படி ஒரு காகிதம் செய்தோம். அதற்காகத்தான் எனக்கு இந்தக் கேடயம்.

மூன்று வாரத்துக்கு முன் நம் தெருக்குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்தேன். காகிதத்தை நனைத்தேன். சிவந்தது! யாரைக் கேட்டேன்? எவரைக் கலந்தேன்? குழாய்க்குப் பத்தடி தள்ளி பேட்டரி பழுதுபார்க்கும் கடை. பேட்டரிக்குள் ஈயம். நடத்துகிறவர் என் சொந்த அக்காவின் கணவர். சொந்தம் பார்த்தால் அறிவியல் ஆகுமா என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சங்கத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

அத்தான் என்னோடு சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? “நீ படிச்சவ. நீ சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்.” அன்றே கடையைத் தானே பூட்டினார். மகளைக் கூட்டிக்கொண்டு இரத்தம் சோதிக்க ஓடினார். அக்கா அன்று முதல் என்னோடு பேசவில்லை. இன்றைய நிகழ்ச்சி நிரலில் நான்காவது தீர்மானம், அந்தக் கடையைத் தெருவை விட்டே அகற்றுவது.

அந்தப் பாட்டிலை என் மேசைமேல் வைத்திருந்தேன். பெருமைக்காகத்தான், வேறென்ன? எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவும் அக்கா முந்தாநாள் அதைப் பார்த்துவிட்டார்.

“இதுலயாம்மா தெருத் தண்ணி புடிச்ச?”

“ஆமாக்கா.”

“அடிப்பாவி! இதைக் கறை போகப் பொட்டாசியம் காரத்தொட்டியில ஊறவெச்சு எடுத்துக் கவுத்திருந்தேன். இன்னும் அலசவே இல்ல. அதுக்குள்ள தூக்கிட்டுப் போயிட்டியா?”

ஈயம் உட்காரும் அதே வளையத்தில் பொட்டாசியமும் உட்காரும்! குழாய்த் தண்ணீரில் உள்ள துளிப் பொட்டாசியத்தைக் காகிதம் பொருட்படுத்தாது. அலசாத பாட்டிலில் அது கூட்டமாகக் காத்திருந்தது. எதையும் சோதிக்குமுன் அதே பாட்டிலில் காய்ச்சி வடித்த வெறும் தண்ணீரை ஊற்றி, காகிதம் சும்மா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வெறும் தண்ணீர்ச் சோதனை என்போம். மாணவர்கள் அதைச் செய்யாவிட்டால் திட்டுகிறவள் நான். செய்யாமல் விட்டவளும் நான்! தீர விசாரிப்பதே மெய் என்று ஊருக்குச் சொல்வேன். ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு என்பதை எனக்கு யார் சொல்வது?

அலசிய பாட்டில்களில் நான்கு முறை தண்ணீர் பிடித்தேன். ஒன்றில்கூடக் காகிதம் சிவக்கவில்லை. என் காகிதத்தை இனி நானே நம்பலாமா? வேறொரு ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பினேன். அவர்களுடைய கருவியும் இன்று காலை சொல்லிவிட்டது: தண்ணீரில் ஈயம் இல்லை. குழந்தையின் இரத்தச் சோதனையிலும் ஈயம் இல்லை.

என்ன ஐயா அங்கே, மூன்றாவது வரிசையில்? “கேடயம் வாங்கின பிறகு சொல்லியிருக்கலாமே” என்கிறீர்களா? வாங்கிய பிறகு வாய் திறக்குமா ஐயா? அது இந்த மேசையிலேயே இருக்கட்டும். பாட்டிலைப் பார்த்துக் கேட்ட அந்த அக்காவை ஒருநாள் அழைத்து அவர் கையில் கொடுங்கள்.

தலைவர் அவர்களே! வளையத்துக்கு அளவு மட்டும்தான் தெரியும். பொருந்தினால் போதும், பிடித்துக்கொள்ளும். வந்தது ஈயமா, வேறொன்றா என்று விசாரிப்பது யார் வேலை? என் வேலை! எனக்கும் அன்று குற்றம் பொருந்துவது போலிருந்தது, பிடித்துக்கொண்டேன். என் கடிதத்தை இந்த மேடையிலேயே திரும்பப் பெறுகிறேன். நான்காவது தீர்மானத்தை அடித்துவிடுங்கள். அத்தான், என்னை மன்னித்துவிடுங்கள். நாளைக் காலை கடையைத் திறங்கள். கதவைத் தூக்க நான் வருகிறேன்.

என்ன அத்தான்? உரக்கச் சொல்லுங்கள், ஒலிபெருக்கி என்னிடம்தான் இருக்கிறது.

“அதெல்லாம் நான் தூக்கிக்கறேன். நீ இறங்கி வா. உங்கக்கா வெளிய நின்னு கேட்டுட்டு அழுதுட்டிருக்கா.”

அவையோரே, பொறுத்துக் கேட்ட உங்கள் காதுகளுக்கு நன்றி. இதற்குமேல் பேசினால் அக்கா போய்விடுவாள். வணக்கம்!