ஒன்பதாவது கார்டு

தபாலில் சதுரங்கம் ஆட நல்ல கையெழுத்து வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. என் தங்கையின் கணவருக்கு அது இருந்தது. மாப்பிள்ளையிடம் எனக்குப் பிடிக்காதவை பல உண்டு. கையெழுத்தைக் குறை சொல்ல மாட்டேன்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவன். அவர் வேறு ஊரில் லாரி மெக்கானிக். நேரில் ஆடிய காலத்தில் ஒரு முறைகூட என்னை ஜெயிக்க விட்டதில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், மச்சான்" என்பார். தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். எனக்கு வயிறு எரியும்.

பிறகு அவர்களுக்குள் சண்டை வந்து, அவள் என் வீட்டோடு தங்கிவிட்டாள். அவருடைய கடிதங்களைப் பிரிக்காமலே கிழித்தாள். எங்கள் ஆட்டம் மட்டும் நிற்கவில்லை. சதுரங்கச் சங்கத்துப் போட்டி அது. நகர்த்தலை எழுதிய தபால் கார்டுகள் என் கடைக்கு வரும். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் பத்து நாள் அவகாசம். எதிராளியின் கார்டை யாருக்கும் காட்டக் கூடாது என்பது விதி.

இரண்டாம் நகர்த்தலிலேயே ஒரு சிப்பாயைப் பலி கொடுத்துத் தொடங்கினேன். அந்தத் தொடக்கத்தை மூன்று வருடம் நோட்டுப் போட்டுப் படித்திருந்தேன். ஒன்பதாவது கார்டில் அவர் குதிரையை ஓரத்துக்கு நகர்த்தி, அத்தனையையும் தவிடுபொடியாக்கினார். அதன் கீழே எழுதியிருந்தார்:

"மச்சான், நெஞ்சடைப்புன்னு ஆஸ்பத்திரில இருக்கேன். அவ வந்து கையெழுத்துப் போட்டாத்தான் ஆபரேஷனாம். நீங்க சொன்னா வருவா. ஒரு வாரத்துக்குள்ள அனுப்பி வைங்க."

நகர்த்தலைத்தான் முதலில் எழுதியிருந்தார், ஐயா. சாகக் கிடக்கும்போதும் என்னைத் தோற்கடிக்க மறக்கவில்லை.

கார்டை லென்ஸ் டப்பாவில் வைத்தேன். அன்று சாப்பிடும்போது தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"கார்டு வந்துச்சாண்ணே? ஏதாவது எழுதியிருக்காரா?"

"குதிரையை நகர்த்தியிருக்காரு."

அது பொய்யில்லை. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

பத்தாம் நாள் பதில் போட்டேன். பெறுபவர் இறந்துவிட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதைச் சங்கத்துக்கு அனுப்பினேன். எனக்கு வெற்றி என்று முடிவு செய்தார்கள்.

ஆமாம், நான்தான் அவரைச் சாகவிட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். தங்கையிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். சாகும் நேரத்தில்கூடத் தன்னைக் கூப்பிடவில்லையே என்று தினமும் அழுகிறாள். உண்மை தெரிந்தால் தாங்க மாட்டாள். பாவம், அவளைப் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?