சூடு வர்ற சாமான்

என் பெயர் விருத்தாசலம், வயது 36, த/பெ முத்துசாமி. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில் குடியிருந்து, வீட்டின் முன்னறையிலேயே ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடை நடத்தி வருகிறேன். ஒலக்கூர் சீனுவாசன் வீட்டில் 18.7.87 சனிக்கிழமை காலை தீப்பிடித்து அவர் மனைவி தையல்நாயகிக்குக் கை வெந்தது சம்பந்தமாக என்னை விசாரித்ததில் நான் சொல்வதாவது:

சீனுவாசன் மல்லாட்டை (வேர்க்கடலை) வியாபாரி. ஞாயிற்றுக்கிழமை படம் ஓடும்போது பார்த்துக் கரண்டு போய்விடுகிறது என்று அவர் கேட்டதன் பேரில், அவருடைய டிராக்டர் பேட்டரியில் ஓடும்படி ஒரு இன்வெர்ட்டரை நானே செய்து ஜூன் மாதம் மாட்டிக் கொடுத்தேன். அது நூற்றைம்பது வாட்ஸ் தாங்கும். ஒரு சின்ன டி.வி., ஒரு டியூப் லைட், அதற்கு மேல் முடியாது. அன்றே புருஷன் பெண்சாதி இரண்டு பேரையும் நிற்க வைத்து, "சூடு வர்ற சாமான் எதையும் இதுல சொருகாதீங்க" என்று சொன்னேன். இது சத்தியம். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அணைக்கத் தயார்.

அதன் பிறகு ஜூலை 8-ம் தேதி இன்வெர்ட்டர் ஓடவில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். நான் காலை பத்து மணிக்குப் போனேன். கரண்டு இல்லை. சீனுவாசன் கொள்முதலுக்குக் கூட்டேரிப்பட்டு போயிருந்தார். பார்த்ததில் ஃப்யூஸ் போயிருந்தது. சரியான ஃப்யூஸ் கம்பி என் பையில் இல்லாததால், ஒயரிலிருந்து செம்புக் கம்பி நாலு இழையை உருவி முறுக்கிப் போட்டு, "நாளைக்கு வந்து மாத்திடறேம்மா" என்று சொன்னேன். ஆனி முகூர்த்தம் என்பதால் மைக் செட் ரிப்பேர் குவிந்து கிடந்தது. மறுநாள் நான் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை.

அதே நாளில் தையல்நாயகி, டி.வி.யில் சத்தம் விட்டு விட்டு வருகிறது என்று சொன்னார். திறந்து பார்த்ததில் ஸ்பீக்கர் ஒயர் விட்டிருந்தது. அதைப் பற்றவைக்க என்னுடைய சால்டரிங் அயர்னை அந்த இன்வெர்ட்டரிலேயே சொருகினேன். ஈயம் உருகிப் புகை வந்தது. அவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்து, "இன்னாண்ணே, சூடு வர்றது போடக்கூடாதுன்னீங்களே, இது மட்டும் ஆவுமா?" என்று கேட்டார். நான் வாயில் ஒயரைக் கடித்துக்கொண்டே, "இது சின்னதும்மா, ஒண்ணும் ஆவாது" என்றேன். சால்டரிங் அயர்ன் இருபத்தைந்து வாட்ஸ்தான், அதை இன்வெர்ட்டர் சுலபமாகத் தாங்கும். சூடு என்பது கணக்கல்ல, வாட்ஸ்தான் கணக்கு என்று அப்போதே நான் விளக்கிச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால் எனக்கே விளங்கவில்லை.

அதன் பிறகு 18-ம் தேதி நடந்ததை ஆஸ்பத்திரியில் தையல்நாயகி சொல்லித்தான் அறிந்தேன். விழுப்புரத்தில் கட்டிக்கொடுத்த தங்கையை ஆடிக்கு அழைத்துவர சீனுவாசன் புறப்பட்டிருக்கிறார். கரண்டு இல்லை. குளித்துக்கொண்டே, "ஜல்தி சட்டையத் தேச்சு வையி" என்று சத்தம் போட்டிருக்கிறார். இஸ்திரிப் பெட்டி டி.வி.யைவிடச் சின்னதுதானே என்று நினைத்து தையல்நாயகி அதை இன்வெர்ட்டரில் சொருகியிருக்கிறார். அந்தப் பெட்டி நானூற்றைம்பது வாட்ஸ். உள்ளே டிரான்சிஸ்டர்கள் எரிந்து ஷார்ட் ஆகிவிட்டன. சரியான ஃப்யூஸ் இருந்திருந்தால் அது அறுந்து அத்தோடு நின்றிருக்கும். நான் முறுக்கிய கம்பி அறவில்லை. பேட்டரி ஒயர் பழுத்துப் பக்கத்திலிருந்த சாக்குகள் பற்றிக்கொண்டன. தையல்நாயகி வெறுங்கையால் ஒயரைப் பிடுங்கியதில் வலது உள்ளங்கை வெந்துவிட்டது.

அன்று மதியம் ஆஸ்பத்திரி வராந்தாவில் சீனுவாசன் என் சட்டையைப் பிடித்து, "இன்னாய்யா மெக்கானிக்கு, சூடு சாமான் போடாதன்னு நீ சொன்னியா இல்லியா?" என்று கேட்டார். நான் பயந்து "சொன்னேன்" என்றேன். பொய் இல்லை, சொன்னேன்தான். உடனே அவர் மனைவி பக்கம் திரும்பி, "சொன்ன பேச்சக் கேக்காத பொம்பள எனுக்கு வாணாம். கை ஆறினதும் திருவெண்ணெய்நல்லூருக்கு உங்க அம்மா ஊட்டுக்கே போயிடு" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் உடனே பஸ் ஏறிவிட்டேன். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. போடாதே என்று சொன்னதும் நான், போட்டுக் காட்டியதும் நான். இதில் எதைச் சொன்னால் உண்மை என்று மண்டை குழம்பிக் கிடந்தேன்.

இன்று இதைச் சொல்லும்போது எழுதிய ஏட்டு, "இன்னாய்யா, உன் தலையில நீயே மண்ண வாரிப் போட்டுக்கிறியே" என்றார். இருந்தாலும் எழுதுங்கள் என்று நான் கேட்டுக்கொண்டேன். வெளியே பெஞ்சில் இருந்த சீனுவாசனை உள்ளே அழைத்து, அவர் முன்னால் படிக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டேன். அப்படியே படிக்கப்பட்டது. கேட்டுவிட்டு அவர், "அப்ப அவ உன்னக் கேட்டாளா?" என்றார்.

"கேட்டாங்க. நான்தான் சரியா பதில் சொல்லல" என்றேன்.

இந்த இரண்டு வரியையும் சேர்த்து எழுதச் சொன்னேன். யாரும் மிரட்டாமல், நானாகச் சொன்னபடியே இருக்கிறது என்று கேட்டறிந்து, உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) மு. விருத்தாசலம்
22.7.87