பொக்கையின் பல் என் ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கிறது

ஏட்டம்மா, கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அத்தையிடம். ஃபைலில் வைத்தே ஆகவேண்டும் என்றால் அத்தை பார்க்காத ஃபைலில் வையுங்கள். அத்தை சொல்லச் சொல்ல நீங்கள் எழுதிய வாக்குமூலத்தின் நகல் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்து அதே மாதிரி எழுதுகிறேன். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளவும்.

பெயர்: வீட்டில் பட்டன். பள்ளிப் பெயர் உங்களுக்குத் தெரியும்தானே. வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு. முகவரி: ஸ்டேஷனரிக் கடைக்கு மேல் மாடி. முன்னறையில் தையல் கடை, பின்னறையில் நாங்கள்.

நான் மேற்படி முகவரியில் என் அப்பாவின் அக்காவான அத்தையுடன் ஐந்து வருடமாக வசித்து வருகிறேன். அப்பாவும் அம்மாவும் வெளியூரில் வேலை பார்க்கிறார்கள். அத்தைக்கு ஒரே ஒரு தையல் மெஷின். அதன் பெயர் பொக்கை. துணியை அடியிலிருந்து நகர்த்தும் இரும்புப் பல்லில் ஒன்று பாதி உடைந்து கூராக நிற்பதால் அந்தப் பெயர். அதில் எதைத் தைத்தாலும் துணியின் அடிப்பக்கம், தையலுக்கு இடது பக்கமாக, மெல்லிய கீறல் ஒன்று கூடவே வரும். அத்தை ஒவ்வொரு துணியையும் உள்பக்கம் திருப்பி, சின்னக் கத்தரிக்கோலால் இழைகளை ஒவ்வொன்றாக நறுக்கிவிட்டுத்தான் கொடுப்பாள். பல்லை மாற்றச் சொன்னால், "ஓடற வரைக்கும் ஓடட்டும். உன் ஷூ வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குது, முதல்ல அதைப் பாப்போம்" என்பாள். வருடா வருடம் என் ஷூவே ஜெயிக்கும்.

பொக்கையின் இழுப்பறைக்குக் கைப்பிடி கிடையாது. பழைய கோட்டு ஒன்றின் பெரிய பழுப்புப் பட்டனை நூலால் கட்டியிருக்கிறாள். சின்ன வயதில் அந்தக் கோட்டின் இன்னொரு பட்டனை நான் விழுங்கப் போனதால்தான் எனக்கு இந்தப் பெயர் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

அதன் பிறகு ஒரு நாள் காலையில் கடைப் பூட்டு உடைக்கப்பட்டு, பொக்கை இருந்த இடத்தில் நான்கு கால் தடம் மட்டும் இருந்தது. அத்தை அழவில்லை. அந்த நான்கு தடத்தையும் சுற்றி விளக்குமாறால் பெருக்கினாள், தடத்தின் மேல் பெருக்கவில்லை. அதன் பிறகு இருவரும் ஸ்டேஷனுக்கு வந்து உங்களிடம் புகார் கொடுத்தோம். நீங்கள் என்னைப் பார்த்து, "பாப்பா, பழைய சாமான் விக்கிற ஆப்ல தினமும் பாரு. கண்ணுல பட்டா நீயா போயிடாதே, பணமும் அனுப்பிடாதே. எனக்குச் சொல்லு" என்றீர்கள்.

நான் பள்ளி விட்டு வந்து தினமும் அத்தையின் போனில் பார்த்தேன். இருபத்து மூன்றாம் நாள் பச்சை நிற மெஷின் ஒன்று வந்தது. பொக்கை கறுப்பு. ஆனால் இழுப்பறையில் பழுப்புப் பட்டன் இருந்தது. பெயிண்ட் அடித்தவர் பட்டனைக் கழற்றவில்லை. அதன் பிறகு உங்களிடம் ஓடி வந்தேன். விற்பவர் பாதிப் பணத்தை முன்னாலேயே அனுப்பினால்தான் முகவரி தருவேன் என்றார். இப்படி அனுப்பிவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் வாரத்துக்கு நாலு பேர் என்று நீங்கள் சொன்னீர்கள். பிறகு நீங்கள் சொல்லச் சொல்ல நான் டைப் செய்தேன். "தாங்கள் மேற்படி இயந்திரத்தை நேரில் காண்பிக்குமாறு" என்று ஆரம்பித்தீர்கள். "அக்கா, இப்படி எழுதுனா போலீஸ்னு கண்டுபிடிச்சிடுவாங்க" என்றேன். "அப்போ நீயே எழுதுடி பெரிய மனுஷி" என்று உங்கள் தேநீரில் பாதியை எனக்கு ஊற்றிக் கொடுத்தீர்கள். அது எனக்கு மறக்காது.

நான் எழுதியதை நம்பி விற்பவர் நேரில் காட்டச் சம்மதித்தார். அதன் பிறகு மெஷின் ஸ்டேஷனுக்கு வந்தது. நம்பர் தகடு அராவப்பட்டிருந்தது, பெல்ட் இல்லை. விற்றவர் அது தன்னுடையது என்று சத்தியம் செய்து பழைய ரசீது ஒன்றைக் காட்டினார். பட்டனைக் கேட்டதற்கு, "பட்டன் யார் வேணும்னாலும் கட்டலாம்" என்றார். போன சனிக்கிழமை அத்தையை வரச்சொல்லி, கையெழுத்து வாங்கிக்கொண்டு மெஷினைக் கொடுத்து அனுப்பினீர்கள். அன்று எனக்குச் சிறப்பு வகுப்பு. அங்கே பேசியது எனக்குத் தெரியாது. அத்தை என்னிடம் சொன்னது, "பெல்ட் மாட்டி, செவ்வாக்கிழமை ஒரு தடவை கொண்டுபோய்க் காட்டிட்டு வந்தா போதும்" என்பது மட்டுமே.

ஞாயிற்றுக்கிழமை அத்தை துணி கொடுக்கப் போயிருந்தபோது, அவள் வரச்சொல்லியிருந்த ரிப்பேர் அண்ணன் பெல்ட்டோடு வந்தார். நான் என் ஜியோமெட்ரி பாக்ஸில் சேர்த்து வைத்திருந்ததைக் கொட்டி, "அண்ணா, பல்லையும் மாத்திடுங்க. அத்தைக்குச் சொல்லாதீங்க" என்றேன். அத்தை இனி இழை நறுக்க வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவர், "ஆறு வருஷமா நான் சொல்றேன், உங்க அத்தை காதுலயே போட்டுக்கல. நீ கெட்டிக்காரி" என்று சொல்லி மாற்றினார். கழற்றிய பல்லில் ஒன்று பாதி உடைந்து கூராக இருந்ததை என் கண்ணால் பார்த்தேன். அது பொக்கையின் பல்தான். தூக்கிப் போட மனம் வராமல் பாக்ஸில் போட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு இன்று சாயங்காலம் அத்தை முதல் வேலையாக என் பள்ளிப் பாவாடையின் ஓரத்தை மடித்துத் தைத்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று, அவள் சந்தோஷப்பட்டதும் 'டட்டடாய்ங்' என்று குதிக்கத் தயாராக இருந்தேன். அத்தை கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு துணியைத் திருப்பினாள். நறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. விளக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். வேறு துண்டுத் துணி எடுத்துத் தைத்தாள், பிறகு இன்னொன்று. அதன் பிறகு, பஸ்ஸில் தெரியாதவர் மேல் கை பட்டுவிட்டால் எடுப்போமே, அப்படி மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"பட்டன், இது நம்ம பொக்கை இல்லடி."

"இருக்கே அத்தை, இழுப்பறைல பட்டன்..."

"பட்டன் யார் வேணும்னாலும் கட்டலாம். அந்த ஆளு அன்னிக்கே சொன்னாரு. சத்தியம் பண்ணாரு. நான் அத்தனை பேர் முன்னாடி அவரைத் திருடன்னு சொல்லிட்டேனே. அடுத்தவங்க சோத்துல மண்ணைப் போட்டுட்டேனே."

அப்போதுதான் சொன்னாள். செவ்வாய்க்கிழமை உங்கள் முன்னால் இரண்டு பேரையும் வைத்துத் துணி தைத்துப் பார்ப்பதாகவும், கீறல் விழுந்தால் மெஷின் அத்தையுடையது, விழாவிட்டால் அவருடையது என்றும் பேச்சாம். அந்த யோசனையைச் சொன்னதே அத்தைதானாம். நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் கையெழுத்துப் போட்ட தாளை எடுத்துச் சத்தமாகப் படித்தாள்: 'மேற்படி பொருளில் பெல்ட் மாட்டுவது தவிர எந்த மாற்றமும் செய்யமாட்டேன், செய்தால் சட்டப்படியான நடவடிக்கைக்கு உட்படுவேன்.' கீழே அத்தையின் கையெழுத்து. திறந்த வாயை மூடிக்கொண்டேன். நான் சொன்னால் அத்தையை உள்ளே வைத்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் நாளைக் காலை பத்து மணிக்கு அத்தை அந்த ஆளிடம் மன்னிப்புக் கேட்டு, பொக்கையை அவர் கையிலேயே கொடுத்துவிடுவாள். மன்னிப்புக் கேட்க என்ன பேசுவது என்று அடுப்படியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அண்ணா, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று ஒரு தரம். "ஐயா" என்று ஒரு தரம்.

ரிப்பேர் அண்ணனுக்கு எட்டு தடவை போன் செய்தேன். ஊருக்குப் போயிருக்கிறார், எடுக்கவில்லை. பழைய பல்லை நானே திரும்ப மாட்டிவிடலாம் என்று ஸ்க்ரூ டிரைவரைக் கூட எடுத்தேன். அதுவும் மாற்றம்தான் என்று தோன்றி வைத்துவிட்டேன். ஒரு பொய்யை மறைக்க இன்னொரு திருகாணி வேண்டாம்.

ஆகவே இப்போது மெஷின் அறையில் உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். காலையில் மெஷின் உங்களிடம் வரும்போது பட்டனைப் பிடித்து இழுப்பறையைத் திறப்பீர்கள் என்று தெரியும். எல்லாவற்றையும் திறந்து பார்ப்பது உங்கள் வழக்கம். உள்ளே இந்தத் தாள் இருக்கும். இதோடு என் ஜியோமெட்ரி பாக்ஸும் இருக்கும், அதில் பழைய பல் இருக்கிறது. என் போன வருடப் பாவாடையையும் மடித்து வைக்கிறேன். அதில் அத்தை நறுக்க மறந்த கீறல் ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. பழைய பல்லை நீங்களே ஆள் வைத்து மாட்டி, எல்லோர் முன்னாலும் ஒரு துணி தைத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அத்தை மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் பாருங்கள். அவள் கேட்க ஆரம்பித்துவிட்டால் நிறுத்துவது கஷ்டம்.

மாற்றியது நான். அத்தைக்கு ஒன்றும் தெரியாது. கையெழுத்து அவளுடையது என்றாலும் குற்றம் என்னுடையது. தண்டனையை எனக்கே கொடுங்கள். அரைப் பரீட்சை முடிந்த பிறகு என்றால் நல்லது. பாக்ஸில் காம்பஸும் இருக்கிறது, வெள்ளிக்கிழமை கணக்குப் பரீட்சைக்கு வேண்டும், அதை மட்டும் திருப்பித் தரவும்.

இதில் எழுதியதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் பார்த்ததும் செய்ததும் மட்டுமே எழுதியிருக்கிறேன். படித்துப் பார்த்துச் சரி என்று கையெழுத்து

தட்டுகிறாள். அத்தைதான்.

"கதவைத் தொற பட்டன். காலைல கொடுக்கறதுக்கு முன்னாடி மெஷினுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுடறேன். யாரோடதா இருந்தா என்ன, காஞ்சு போச்சுன்னா பாவம்டி அது."

ஏட்டம்மா, கையெழுத்துப் போட நேர