லாரி வர்றதுக்குள்ள

இல்ல அங்கிள், அது உங்க வீட்டுப் பை இல்ல. டயப்பர் தெரியுதுல்ல, அதை எதுக்குப் பிரிக்கிறீங்க? உங்க வீட்டுல கைக்குழந்தையா இருக்கு? அதைப் போட்டுட்டு அடுத்ததை எடுங்க.

நானா? நான் எதுக்குக் கை வைக்கணும்? இந்தப் பெரிய குப்பை பின்னை வெளிய தள்ளிட்டுப் போறது, லாரியில ஏத்தி விடுறது, அதுதான் என் வேலை. உள்ள கிளறுறது இல்ல. க்ளவுஸ் குடுத்தேன்ல, அதுவே பெரிசு. பின் ரூம் கதவைத் தெறந்து விட்டதுக்கே சூப்பர்வைசர் என்னைக் கிழிப்பாரு. ஆன்ட்டியோட தாலிச்செயின் குப்பைப் பையோட சேந்து ரப்பிஷ் சூட்ல, இந்தக் குப்பைக் குழாய்ல, விழுந்துருச்சுன்னு மூச்சு வாங்க ஓடி வந்தீங்க. தெறந்து விட்டேன். தேடுங்க லா.

லாரி இன்னும் வரல. வந்தா யாருக்காகவும் நிக்காது. நேரா துவாஸ். அங்க எல்லாத்தையும் எரிச்சு, சாம்பலைக் கப்பல்ல ஏத்தி செமக்காவ் தீவுல கொட்டிருவாங்க. அப்புறம் நீங்க படகு பிடிச்சுப் போய் அங்க சலிக்கணும்.

நாத்தமா? இது என் நாத்தம் இல்ல, உங்க ப்ளாக் நாத்தம். அதுக்குத்தான் போட்டோ பிடிச்சு ஆப்ல கம்ப்ளெய்ன்ட் போட்டீங்களே, மறந்துட்டீங்களா? காரிடார்ல தண்ணி நின்னா கம்ப்ளெய்ன்ட். மூணாவது மாடி மலாய்க்கார மக்சிக் துணி காயப்போட்டா, சொட்டுதுன்னு கம்ப்ளெய்ன்ட். புறா வந்து உக்காந்தா கம்ப்ளெய்ன்ட். புறாகிட்ட மட்டும் ஆப் இருந்திருந்தா அது உங்க மேல போட்டிருக்கும். அங்கமுத்து அண்ணன் கீழ்த்தளத்துல உக்காந்து ரொட்டி தின்னாரு, அதுக்கும் போட்டீங்க. அவரை வேற ப்ளாக்குக்கு மாத்திட்டாங்க. அவரு எடத்துலதான் இப்ப நான் நிக்கிறேன்.

பேரா? ரக்ஷனா. என் மேல கம்ப்ளெய்ன்ட் போடத்தானே கேக்குறீங்க? போடுங்க. முகம் தெரியுற மாதிரி போட்டோவும் எடுத்துக்கோங்க.

ஆமா, படிப்பைப் பாதியில விட்டுட்டேன். அதுக்கு என்ன இப்போ? படிச்சிருந்தா இங்க வந்து நிக்க மாட்டேனா? சரி, நிக்க மாட்டேன். அப்ப இந்தக் கதவை யாரை விட்டுத் தெறந்திருப்பீங்க?

ஐயோ, தலைய எடுங்க! எடுங்கன்னா!

பாத்தீங்களா? பையைக் கட்டவே மாட்டாங்க. மீன் கழுவுன தண்ணியோட அப்படியே மேலருந்து விடுறது. சட்டை பூரா ஆயிருச்சா? இருங்க, இந்த இரும்புத் தகட்டை இழுத்துச் சூட் வாயை மூடுறேன், இனி எதுவும் விழாது. முன்னாடியே மூடியிருக்கலாம்தான். தோணல.

எங்க கிளம்புறீங்க? மேல போய் ஆன்ட்டிகிட்ட எந்தப் பைன்னு கேக்கணுமா? நீங்க போற நேரத்துல லாரி வந்தா என்னால பிடிச்சு வைக்க முடியாது, அப்புறம் என்னைச் சொல்லக் கூடாது. ம், அதான். அந்தச் சிவப்புப் பையைப் பாருங்க. அடியில வெங்காயத்தோல் இருக்குல்ல, அதையும் கையால துழாவுங்க.

எத்தனை பவுனுன்னு திரும்பத் திரும்பச் சொல்றீங்களே, எனக்கு எதுக்கு அது? செயின் எப்படி அறுந்துச்சுன்னு ஆன்ட்டியைக் கேட்டீங்களா? கழுத்துல கீறிருச்சான்னு பாத்தீங்களா? சும்மா கேட்டேன். கத்தாதீங்க.

இருங்க, ஒரு மெசேஜ்.

ம்.

சரி, போதும் அங்கிள். நிறுத்திக்கலாம்.

நிறுத்துங்கன்னா நிறுத்துங்க. குவீன்ஸ்டவுன்ல உங்க மாதிரி பழைய ப்ளாக்குல, வீட்டுக்குள்ள குப்பை போடுற சூட் வாய் எங்க இருக்கு? அடுப்பங்கரைச் செவுத்துல. புது ப்ளாக்குன்னா வெளிய காரிடார்ல வெச்சிருப்பாங்க. இங்க குப்பை மட்டுமா கீழ வருது? காலையில நான் பின் மாத்துறப்ப உங்க வீட்டுச் சத்தம் பூரா இந்தக் குழாய் வழியா வந்து என் தலைமேல விழும். உப்பு கம்மின்னு ஒரு தட்டு உடையும். யாருகிட்டடி போன்ல பேசுனன்னு ஒரு அறை. அறையுற சத்தம் தட்டு மாதிரி இல்ல, வேற மாதிரி கேக்கும். வேலை நேரத்துல காதுல இயர்போன் மாட்டியிருக்கான்னு என்னைப் பத்தி எழுதுனீங்களே, எதுக்கு மாட்டினேன்னு நெனச்சீங்க?

ஒரு நாள் தாங்க முடியாம சூட்டுக்குள்ள தலைய விட்டு, ஆன்ட்டி, போலீசைக் கூப்பிடவான்னு கேட்டேன். மேலருந்து மெதுவா, வேணாம்மா, எனக்கு இந்த வாசல் கேட்டைத் தாண்டுனாப் போதும்னாங்க.

அதுக்கப்புறம் நீங்க குளிக்கப் போறப்பல்லாம் பேசுவோம். கேட் சாவியை இடுப்புலயே வெச்சிருப்பீங்களாம்ல. தேக்கா மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போனாக்கூட வெளியருந்து பூட்டிட்டுத்தான் போவீங்களாம். தாலிச்செயின் குப்பையில விழுந்துருச்சுன்னு சொன்னா மட்டும் பூட்ட மறந்து ஓடுவாருன்னு ஆன்ட்டி சொன்னாங்க. நான் நம்பல. ஓடி வந்தீங்களே!

டாக்சி நான்தான் புக் பண்ணேன். நீங்க டயப்பரைப் பிரிச்சப்ப அது கார்பார்க்குல நின்னுச்சு. இப்ப ஆன்ட்டி ஹைவே ஏறிட்டாங்களாம், டிரைவர் போன்லருந்து மெசேஜ் போட்டிருக்காங்க. எந்தப் பக்கம்னா எனக்கு எப்படித் தெரியும்? நான் கேட்டுக்கவே இல்ல. நீங்க என்னைக் கேப்பீங்கன்னு தெரியும்.

கையை ஓங்காதீங்க. இது உங்க அடுப்பங்கரை இல்ல. வெளிய ஆள் போயிட்டு வந்துட்டு இருக்காங்க, கதவும் தெறந்துதான் கெடக்கு. நான் பூட்டவே இல்ல.

அந்தப் பையைக் கீழ வைங்க அங்கிள், ஒழுகுது. தாலி இதுல இல்ல. கழட்டி உங்க ரைஸ் குக்கர் மேல வெச்சுட்டுப் போயிருக்காங்களாம். மூடியத் தெறந்து பாக்காதீங்க, இன்னைக்குச் சோறு வைக்கல.